கண் பக்கத்துக் கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கண்குழியில் கட்டி வந்தால் புற்றுநோய்தான். கத்தி பட்டால் மூளைக்குப் பரவும். விளக்கெண்ணெய் தடவினாலே கரையும்." இது தவறு.

கண்குழிக் கட்டிகளில் பல ஆபத்தில்லாதவை. குழந்தையின் புருவ ஓரத்தில் உருண்டையாகத் தெரிவது பெரும்பாலும் டெர்மாய்டு என்ற ஆபத்தில்லாத கட்டி, பிறவியிலேயே இருப்பது. பெரியவர்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் மெல்ல வளர்வது ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். பெரியவர்களுக்குக் கண் பிதுங்க முதல் காரணம் கட்டியே இல்லை, தைராய்டு கோளாறு. சரி, புற்றுநோயே வராதா? வரும். லிம்போமா என்ற நிணநீர் அணுக்களின் புற்றுநோய் உண்டு. சிறுவர்களுக்கு ராப்டோமயோசர்கோமா என்ற புற்றுநோய் வந்தால் சில நாட்களிலேயே வேகமாக வீங்கும். எண்ணெய் தடவி நாள் கடத்துவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

வெளியில் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அப்புறம் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை, அதாவது கட்டியில் சிறிது கிள்ளி எடுத்துச் சோதிப்பது. திசு எடுப்பதால் மூளைக்குப் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை. கண்ணீர்ச் சுரப்பியில் வரும் ஒருவகைக் கட்டியை மட்டும் கிள்ளிப் பார்க்காமல், உறையோடு முழுதாக எடுப்பார்கள். மிச்சம் இருந்தால் அதே இடத்தில் மறுபடி வளரலாம். கிள்ளிப் பார்ப்பதா, முழுதாக எடுப்பதா என்பதை ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சந்தேகமிருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலோ, 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.