உயிராற்றல் சிகிச்சையும் அத்தையின் இன்ஹேலரும்

"உயிராற்றலை மெஷின் வைத்து அளக்க முடியாது. அதனால்தான் மேற்கத்திய அறிவியலுக்கு அது புரியவில்லை." தொடு சிகிச்சைக்குப் போகும் நண்பர்கள் அடிக்கடி சொல்வது இது. உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் பாதைகளில் உள்ள அக்குபங்சர் புள்ளிகளை, ஊசி இல்லாமல் விரலால் தொடுவதுதான் அந்தச் சிகிச்சை. சரி, ஆற்றலை அளக்க வேண்டாம். ஆனால் "என் கையால் அதை உணர முடிகிறது" என்று ஒருவர் சொன்னால், நிஜமாகவே உணர்கிறாரா என்று பார்க்கலாம் அல்லவா? பார்த்திருக்கிறார்கள். பார்த்தது அமெரிக்காவில் ஒன்பது வயதுச் சிறுமி.

1970களில் அங்கே டோலோரஸ் கிரீகர் என்ற செவிலியர் பேராசிரியையும் டோரா குன்ஸ் என்பவரும் 'தெரப்யூட்டிக் டச்' என்ற முறையை உருவாக்கினார்கள். நோயாளியின் உடம்புக்குச் சில அங்குலம் மேலே கைகளை நகர்த்தி ஆற்றல் ஓட்டத்தைச் சீர்செய்வதுதான் சிகிச்சை. கிரீகர் அதைப் பிராணன் என்ற நம் சொல்லை வைத்தே விளக்கினார். குன்ஸ் அமெரிக்காவில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர். நம் அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான். ஆக, இது எங்கோ இருக்கும் யாருடைய கதையோ இல்லை.

எமிலி ரோசா என்ற அந்தச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு, அதன் அடியில் கை நுழைய இரண்டு ஓட்டைகள். சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டி வைப்பார். தடுப்புக்கு அந்தப் பக்கம் எமிலி காசைச் சுண்டிப் பார்த்து, அதன்படி ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைத் தொடாமல் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 சிகிச்சையாளர்கள், 280 முறை. சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. இந்தச் சோதனையில் மேற்கு எங்கே இருக்கிறது? ஒரு அட்டையும் ஒரு காசும் போதும், நம் வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

நம் ஊர் தொடு சிகிச்சையில் எனக்கு ரொம்ப உறுத்துவது 'கழிவு வெளியேறுகிறது' என்ற விளக்கம். நோய் குறைந்தால் ஆற்றல் வேலை செய்கிறது. கூடினால் கழிவு வெளியேறுகிறது. காய்ச்சல், இருமல், வீக்கம், எது வந்தாலும் நல்ல அறிகுறிதான். எது நடந்தால் 'இந்தச் சிகிச்சை பலிக்கவில்லை' என்று ஒப்புக்கொள்வார்கள்? அப்படி ஒன்றே இல்லை என்றால், நோயாளி மோசமாகிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

அதற்காக, "எல்லாமே ஏமாற்று வேலை" என்று ஒரே வரியில் தள்ளிவிடும் நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முறைப்படி, புள்ளிகளில் ஊசி குத்தும் அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளிகளே அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து நல்ல பலன் கண்டவர்கள்: முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4.

இந்த எண்களைப் பாதியோடு நிறுத்திப் படிக்கக் கூடாது. ஊசியை எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், ஆற்றல் ஓடும் பாதை என்ற கொள்கைக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் போலி ஊசிகூட வழக்கமான சிகிச்சையைத் தாண்டிவிட்டது. அதற்கு நவீன மருத்துவம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதிலின் ஒரு பகுதி ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சுக் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்) உள்ள 262 பேர். காத்திருப்புப் பட்டியலில் மட்டும் வைக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம். அதிகம் பேசாமல் போலி அக்குபங்சர் மட்டும் செய்தபோது 44. அதே போலி ஊசியோடு, முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கனிவாகப் பேசி, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டபோது 62. இருபது வினாடி நாடியைப் பிடித்துக்கொண்டு அமைதியாக யோசிப்பதும் அந்த அணுகுமுறையில் அடக்கம். நம் ஊரில் தொடு சிகிச்சை செய்யும் ஹீலர்கள் செய்வது அச்சு அசல் இதுதான். அங்கே கிடைக்கும் நிம்மதி பொய் இல்லை. வலி விஷயத்தில் நம்பிக்கை மூளையிலிருந்தே வலி நிவாரணிகளைச் சுரக்க வைக்கிறது என்பதற்கு 1978லிருந்தே சான்று இருக்கிறது.

ஆனால் எல்லா நோயும் வலி இல்லை. 2011இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் சால்புட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவும் செய்யாமல் இருப்பது என நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எவ்வளவு தேவலை என்று கேட்டபோது நிஜ இன்ஹேலருக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46, சும்மா இருந்ததற்கு 21. அப்புறம் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். நிஜ மருந்தில் சுமார் 20 சதவீதம் முன்னேற்றம். மற்ற மூன்றிலும் சுமார் 7. போலி ஊசிக்கும் சும்மா இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை.

என் அத்தைக்கு வீசிங் உண்டு. தொடு சிகிச்சைக்குப் போக ஆரம்பித்ததும் இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டார். "இப்போ ரொம்ப லேசா இருக்குடா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் உணர்ந்தார். ஒரு நாள் ராத்திரி கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்துக் குழி உள்ளே போனது. 'தண்ணி' என்று கேட்கவே இரண்டு மூச்சு தேவைப்பட்டது. ஹீலருக்குப் போன் செய்தால், கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள் என்கிறார். நாங்கள் பயந்தோம், அதனால்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், நெபுலைசர் வைத்தார்கள், பிழைத்தார்.

முட்டி வலிக்கு அவர் இன்றைக்கும் அதே ஹீலரிடம் போகிறார், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மூச்சுக்கு மட்டும் தினமும் காலையில், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி, எண்ணைக் காலண்டரில் எழுதுகிறோம். எண் இறங்கினால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மருந்துதான்.

அத்தை முதலில் ஏன் அங்கே போனார் என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்த டாக்டர் அதை எப்படி இழுப்பது என்று காட்டவே இல்லை. வாயில் வைத்து அழுத்துவார், பாதி மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும், "இது வேலைக்காகாது" என்று அவரே முடிவு செய்துவிட்டார். அந்த ராத்திரிக்குப் பிறகு பார்த்த டாக்டர் தன் எதிரிலேயே இழுக்கச் சொன்னார், மெதுவாக இழுத்துப் பத்து வினாடி மூச்சை அடக்கக் கற்றுக்கொடுத்தார், அத்தைக்குச் சரியாக வரும்வரை விடவில்லை. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடம் முதல் டாக்டரிடமே கிடைத்திருந்தால் இன்ஹேலர் அலமாரிக்குப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.