கேள்வி நேரத்தை வெட்டிவிட்டுக் கலந்துரையாடல் என்று சொல்லாதீர்கள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் தமிழ்க் கூட்டத்தைப் பற்றி மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்ட ஓர் இளம்பெண்ணை நெறியாளர் உட்கார வைத்த கடைசி இரண்டு நிமிடக் காணொளியைப் போட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை அங்கே போய் அதைக் கேட்கலாமா?" என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. அவரை உட்கார வைத்ததுதான் தவறு.

அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைப்பு "இறை நம்பிக்கை இல்லாமல் அறம் உண்டா?" அதன் கீழே பெரிய எழுத்தில் 'கலந்துரையாடல்'. மாலை 5 முதல் 7 வரை, மொத்தம் 120 நிமிடம். தொடங்கியதே 20 நிமிடம் தாமதம். தமிழ் வாழ்த்தும் வரவேற்புரையும் 10. ஆளுக்கு 5 நிமிடம் என்று மேடையேறிய மூன்று வாழ்த்துரையாளர்கள் எடுத்துக்கொண்டது 30. ஏழு பேருக்குப் பொன்னாடை: பெயர் சொல்லி, மேலே வரவழைத்து, போர்த்தி, படமெடுத்து, கீழே இறங்க 12 நிமிடம். சிறப்புரை 40. மிச்சம் 8 நிமிடம். அதிலும் ஒலிவாங்கியை முதலில் பிடித்தவர் கேள்வியே இல்லாமல் 6 நிமிடம் பேசினார்.

மீந்த 2 நிமிடத்தில்தான் பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) வயதுள்ள அந்தப் பெண் எழுந்தார். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். "பாட்டி போன மாசம் இறந்துட்டாங்க. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. வாய்க்கரிசி போடச் சொன்னாங்க, போட்டேன். நான் செஞ்சது பொய்யா?"

"தனிப்பட்ட நம்பிக்கையெல்லாம் இங்க வேண்டாம்மா, வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டுக்கோங்க. சாப்பாடு ரெடியா இருக்கு" என்றார் நெறியாளர். ஒலிவாங்கி கைமாறியது.

நல்லது நல்லதாக இருப்பதால் கடவுள் விரும்புகிறாரா, கடவுள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று பிளேட்டோ எழுப்பிய கேள்வியில் தொடங்கி, கடவுளையும் மறுபிறவியையும் மறுத்த உலகாயதர் வரைக்கும் 40 நிமிடம் கேட்டோம். நல்ல உரைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்பு ஒரு மனுஷியின் கையில் ஒரு பிடி அரிசியாக வந்து நின்ற இடம் அந்தப் பெண்ணின் கேள்வி. அதைத்தான் வெட்டினோம்.

இது நம் மரபும் இல்லை. பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையில் சமயவாதிகள் ஏறி வாதிடும் இடத்துக்கு வருகிறது. இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும்போதே அவர்களையும் ஏறச் சொல்லி அழைக்கிறார்கள். பகைவரோடு இருந்தாலும் சினமும் சண்டையும் வேண்டாம் என்ற ஒழுங்கையும் அதே மூச்சில் சொல்கிறார்கள். வஞ்சி நகரில் மறுபிறவியை மறுக்கும் பூதவாதியும் தன் கொள்கையை முழுதாகச் சொல்கிறான். மணிமேகலை அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுக்கிறாள். இந்த ஊரிலும் அப்படித்தான் இருந்தது. 1929 கடைசியில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த பெரியார் சிங்கப்பூரிலும் பேசினார். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. 1935ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். சடங்கு வேண்டுமா, தீமிதி வேண்டுமா என்று நம் தாத்தாக்கள் பொதுவில் வாதிட்ட ஊரில், ஒரு பேத்தி வாய்க்கரிசியைப் பற்றிக் கேட்கக் கூடாதா?

"நேரம் இல்லையே, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரம் இருக்கிறது, பங்கு போடுவதில்தான் கோளாறு. 90 நிமிட அறைப் பதிவு என்றால் உரை 35, கேள்வி எழுத 5, கேள்வி பதில் 40, நாற்காலி அடுக்கி அறையை ஒப்படைக்க 10. வாழ்த்துரை ஒன்றே ஒன்று, அதுவும் முடிவில், நாற்காலி அடுக்கும் முன் இரண்டே வரியில். பொன்னாடையை முன்வரிசையில் உட்கார்ந்தபடியே போர்த்தலாம்.

ஏ4 தாளை நாலாகக் கிழித்து, பென்சிலோடு ஒவ்வொரு நாற்காலியிலும் முன்கூட்டியே வையுங்கள். ஒலிவாங்கியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு கூட்டத்திலும் அதே நாலு ஆண்கள்தான் பேசுவார்கள். கூச்சப்படுகிறவர் சீட்டில் எழுதுவார். எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும், நெறியாளர் திருத்தக் கூடாது. ஒலிவாங்கியைத் தொண்டூழியர் கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கையைவிட்டுப் போனால் திரும்பி வராது. கேள்விக்கு 45 வினாடி போதும். கேட்டதை நெறியாளர் ஒரு வரியில் திருப்பிச் சொன்னால் கடைசி வரிசைக்கும் கேட்கும், பேச்சாளருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். ஆங்கிலம் கலந்து கேட்டால் கேட்கட்டும், சாரத்தைத் தமிழில் சொன்னால் போயிற்று. முதல் கேள்வியை இளையரிடமிருந்து எடுங்கள். முதலில் பெரியவர் ஒருவர் எழுந்து முழங்கிவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பெண்பிள்ளையும் கை தூக்க மாட்டாள். இழப்பைச் சொல்லிக் கேள்வி கேட்பவரிடம் "பேச்சாளர் பதில் சொல்லட்டுமா, இதே நிலையில் இருந்தவர்கள் இங்கே யாராவது பேசட்டுமா?" என்று கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் யாராவது ஓர் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் உட்காரவில்லை. நானும்தான்.

அடுத்து, "சிங்கப்பூரில் மதம் உணர்ச்சிமிக்க விஷயம், சட்டம் இருக்கிறது" என்பவர்கள். சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 1990ல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், சமயங்களுக்கு இடையே பகை மூட்டுவதைத் தடுக்க வந்தது. பிறர் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதும் குற்றம். தன் பாட்டியின் உடலுக்கு முன்னால் தான் செய்தது சரியா என்று கேட்பது எந்தச் சமயத்தின் மீது பகை? ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அரசமைப்பின் 15ஆம் பிரிவே தருகிறது. கூட்டத்தின் பொருள் மதத்தைத் தொடுகிறது என்றாலோ பேச்சாளர் வெளிநாட்டவர் என்றாலோ அனுமதி வேண்டுமா என்பதை அழைப்பிதழ் அச்சிடும் முன்பே காவல்துறையிடம் கேட்டுத் தீர்த்திருக்க வேண்டும். அது ஏற்பாட்டாளர் வேலை. 'இறை நம்பிக்கை' என்று தலைப்பு வைத்து நாற்காலி நிரம்பிய பிறகு, கேள்வி கேட்ட பிள்ளை மீது சட்டத்தைக் காட்டுவது நியாயமே இல்லை.

"பெரியவர்களுக்கு மரியாதை வேண்டாமா?" வேண்டும். 12 நிமிடப் பொன்னாடையில் அது இல்லை.

"வெளியே நின்று குறை சொல்வது சுலபம், நீங்களே நடத்திப் பாருங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியது வலித்தது. அந்தக் கூட்டத்தில் நாற்காலி தூக்கியவன்தான் இதை எழுதுகிறேன், இவ்வளவு போதும்.

"இளையர் வருவதில்லை" என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் அழுகிறோம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் சமயம் இல்லை என்றவர்கள் 17 விழுக்காடு. 2020ல் 20. ஐந்தில் ஒருவர்! அவர்களும் நம் அடுக்குமாடி புளோக்குகளில்தான் இருக்கிறார்கள், நம் வீட்டுச் சாவுக்கு வந்து நிற்கிறார்கள். தேங்காய் உடைக்கும்போது எங்கே நிற்பது, மண்டாய் தகனச் சாலையில் கைகூப்புவதா வேண்டாமா என்று அந்த நேரத்தில் யாரிடம் கேட்பார்கள்? வீட்டில் கேட்க முடிந்திருந்தால் அந்தப் பிள்ளை ரயிலேறி அவ்வளவு தூரம் வந்து, முன்பின் தெரியாத எண்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்றிருக்குமா? "வீட்ல கேட்டுக்கோங்க" என்ற சொல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சடங்கை விட்டு நினைவேந்தல் மட்டும் நடத்தியவர்கள் அந்த அரங்கிலேயே இருந்தார்கள். நம்பாமலே பெற்றவர் மனசுக்காக எல்லாம் செய்தவர்களும் இருந்தார்கள். நம்பிக்கையோடு வாய்க்கரிசி போட்டவர்களும் இருந்தார்கள். மூன்று பேர் ஆளுக்கு 2 நிமிடம் பேசியிருந்தால் 6 நிமிடம். நாலு பொன்னாடை நேரம்கூட ஆகியிருக்காது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் தயாராகிறதாம். "கேள்வி பதில்: 40 நிமிடம்" என்று அதில் அச்சிடுங்கள். அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஏற்பாட்டாளரே அழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வர விருப்பமா என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் முதல் கேள்வி அவருடையது.