இருபது கணக்கு எதற்கு, நாலு போதும்

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கியதும் இதே சண்டை வந்துவிடுகிறது. வீட்டுப்பாடமே கூடாது என்று ஒரு கட்சி, நிறையக் கொடுத்தால்தான் பிள்ளை உருப்படும் என்று இன்னொரு கட்சி. நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இரண்டு கட்சியிடமும் எனக்கு ஒரே கேள்விதான்: கொடுத்த வீட்டுப்பாடத்தை மறுநாள் காலையில் யார் பார்க்கிறார்கள்?

மூலையில் டிக் போட்டுத் தேதி எழுதுவதைக் கேட்கவில்லை. பிள்ளை எங்கே தடுமாறியிருக்கிறது என்று பார்ப்பதைக் கேட்கிறேன்.

503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 375 என்று எழுதும். கவனக்குறைவு என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தத் தப்பில் ஓர் ஒழுங்கு தெரியும். 3-இல் 8 போகாது, சரி, 8-இல் 3 போக 5. 0-இல் 7 போகாது, அப்போ 7. 5-இல் 2 போக 3. எந்த இடமானாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவது என்று அதுவாக ஒரு விதி வைத்திருக்கிறது. நடுவில் சுழியம் இருந்தால் எங்கே போய்க் கடன் வாங்குவது என்று அதற்குப் புரியவில்லை. இந்தப் பிள்ளைக்கு அன்று மாலை இதே மாதிரி இருபது கணக்கு கொடுத்தால், தப்பான வழியை இருபது தடவை உருப்போட்டுக்கொண்டு வரும். அப்புறம் அதை மறக்கடிக்கத் தனியாகப் பாடுபட வேண்டும். 0.4-ஐவிட 0.35 பெரியது என்று சொல்லும் பிள்ளையும் இதே ரகம்தான். 4-ஐவிட 35 பெரியதாயிற்றே!

அளவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஹாரிஸ் கூப்பர் என்ற கல்வி ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல் வலுவாகத் தெரிகிறது, அதற்குக் கீழே அவ்வளவு இல்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்வார்கள். அதன்படி நான்காம் வகுப்புக்கு 40 நிமிடம், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. என்னைக் கேட்டால் அரை மணி போதும். (எரிமலை மாதிரி செய்துவரச் சொல்லும் ப்ராஜெக்டை இதில் சேர்க்கவில்லை. அது அப்பா அம்மாவின் வீட்டுப்பாடம்.)

என்ன கொடுக்கிறோம் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்று நடத்தியதை இன்றே வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அரைகுறையாகப் புரிந்த பாடம் வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு முறையில் சொல்லிக் கொடுப்பார்கள், பிள்ளை இரண்டுக்கும் நடுவில் முழிக்கும். போன வாரம் நடத்தியதில் நாலு கணக்கு கொடுத்தால் துணையில்லாமல் போடும். மறக்கத் தொடங்கும் நேரத்தில் நினைவுபடுத்திக்கொள்வதுதான் மனதில் தங்கும்.

மறுநாள் பீரியடின் முதல் பத்து நிமிடம் அந்த நாலு கணக்குக்குத்தான். மதிப்பெண் போடுவதில்லை, ஒரு வரிக் குறிப்பு எழுதுவேன். ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வம் கூடியது, குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வகுப்பில் நான் பார்ப்பதும் இதுதான். எண் கண்ணில் பட்டதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், எழுதியதை யார் படிக்கிறார்கள்?

நாற்பது பிள்ளைகளுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இருபது கணக்கு கொடுத்தால் 800 விடை, டிக் போடத்தான் முடியும். நாலு கொடுத்தால் 160. பார்த்துவிடலாம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். தப்பை அழித்துத் திருத்தி அனுப்பாதீர்கள். அடுத்த நாள் எதை நடத்துவது என்று எனக்குச் சொல்வது அந்தத் தப்புதான். அரை மணியில் முடியவில்லையா, ‘இதோடு நிறுத்திவிட்டோம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஏன் முடிக்கவில்லை என்று பிள்ளையை நிற்க வைத்துக் கேட்க மாட்டேன்.