பட்டனை அமத்தினால் பெட்டி வரவேண்டும்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நெல் மில்லுகளுக்கு பில் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவன் நான். காலபோக அறுவடை நேரம் பரந்தன் பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஐயா கோல் எடுத்தார். "தம்பி, பேக்கப் பட்டனை அமத்துறன், ஒண்டும் வருதில்லை." வெளியே நெல் மூட்டைகளோடு உழவு இயந்திரங்கள் வரிசையில்.

போய்ப் பார்த்தால் பிழை என்னுடையது. பேக்கப்பை, அதாவது கணக்கின் பிரதியை, எந்தப் போல்டரில் வைப்பது என்று கேட்டுத் திரையில் வரும் விண்டோஸின் பழைய சின்னப் பெட்டி எனக்குப் பிடிக்காது. போல்டர்களைக் கிளை கிளையாக விரித்துக்கொண்டே போகவேண்டும். அதைத் தூக்கிவிட்டு, விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஐபைல்டயலொக் (IFileDialog) என்ற புதுப் பெட்டியைப் போட்டிருந்தேன். மில்லில் ஓடுவதோ அதற்கு முந்திய விண்டோஸ் எக்ஸ்பி. அதில் அந்தப் பெட்டியே கிடையாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவும் இல்லை. பட்டன் ஊமையாகிவிட்டது.

"எக்ஸ்பியை மாற்றச் சொல்லு" என்கிறார்கள் நண்பர்கள். மைக்ரோசொப்ட் 2014 இலேயே அதைக் கைகழுவியது, சரி. ஆனால் மில்லின் தராசு அந்த மெசினோடுதான் பொருத்தியிருக்கிறது. அறுவடைக்குள் அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்காகப் பழசையே கட்டிப்பிடிக்கவும் ஏலாது. ஒரு காலத்தில் வீபி 6 (விஷுவல் பேசிக்) என்ற பழைய புரோகிராம் மொழியில், பைல் தெரிவு செய்யும் பெட்டியை நானே கட்டினேன். 'சிறுபோகம்' என்று ஐயா ஆசையாகப் பெயர் வைத்த பைல் அதில் '?????????' என்று நின்றது. ஐந்து எழுத்துக்கு ஒன்பது கேள்விக்குறி! எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட்டில் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. விண்டோஸின் சொந்தப் பெட்டியை விட்டு விலகினால் இப்படித்தான் தமிழில் அடி விழும்.

இந்த விஷயத்தில் விண்டோஸ் செய்தது எனக்கு நியாயமாகப் படுகிறது. பைல் திறக்கும் பெட்டியைக் கொண்டுவர 1992 இல் விண்டோஸ் 3.1 ஓடு வந்த கெட்ஓப்பன்பைல்நேம் (GetOpenFileName) என்ற கட்டளை இன்றும் வேலை செய்கிறது. அதை அப்படியே கூப்பிட்டால் பெட்டி தானாகப் புதுத் தோற்றத்தில் வரும். உள்ளே கைவைத்து, ஹூக் (பெட்டியின் வேலைக்குள் நுழையும் சொந்தக் கோட்) போட்டுச் சொந்தச் சாமான் செருகியவனுக்கு மட்டும் பழைய தோற்றம். அவனுடைய புரோகிராம் உடையாது. வலிந்து புதுசைத் திணித்திருந்தால் எத்தனை கடைகளில் என்னைப்போல ஆட்கள் ஓடித் திரிந்திருப்பார்கள்?

இப்போது என் புரோகிராம் முதலில் புதுப் பெட்டியைக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் பழையதை விரிக்கும். பத்து வரிகூட இல்லை, அதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

பிறகு ஐயாவின் மகனுடைய புது லப்டொப்பிலும் அதையே போட்டுக் கொடுத்தேன். பின்னேரமே கோல்: "தம்பி, இதில ஏன் வேற மாதிரி வருது?"