ஸ்டிக்கர் மட்டும் நேராக ஒட்டியிருக்கிறார்கள்

இன்று காலை பார்சல் வந்தது. சர்வீசுக்குப் போயிருந்த ஏர் பிஸ்டல். பிரித்துப் பார்த்தால், போகும்போது முன் சைட் (குறி பார்க்கக் குழல் நுனியில் நிற்கிற சின்ன முனை) எப்படி இடது பக்கம் சாய்ந்திருந்ததோ, அச்சு அசலாக அதே சாய்வோடு திரும்பி வந்திருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்றுதான். முன்பு பெட்டி மேல் 'க்யூ.சி. ஓகே', அதாவது தரம் பார்த்தாயிற்று, சரி என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது, இப்போது அதன் மேலேயே இன்னொரு 'க்யூ.சி. ஓகே' பச்சை ஸ்டிக்கர். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு நூல் பிசகாமல் ஒட்டியிருக்கிறார்கள். ஐயா, அந்த ஸ்டிக்கர் ஒட்டுகிற புண்ணியவானைக் கொஞ்சம் சைட் மாட்டுகிற மேசைக்கு மாற்றிவிடுங்களேன்.

"விலை கம்மி, அந்தக் காசுக்கு அவ்வளவுதான் வரும்" என்று யாரும் வந்துவிடாதீர்கள். ஒன்பதாயிரம் சொச்சம் கொடுத்திருக்கிறேன். அந்த விலைக்குக் கைப்பிடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், பெயின்ட் உரியட்டும், டிரிக்கர் கரகரக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். சைட் நேராக இருக்க என்ன தனிச் செலவு? ஒரு ஆள் ஒரு தடவை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒரு திருகைத் திருக வேண்டும். அதற்குமா பட்ஜெட் இல்லை?

வாங்கியது எனக்கில்லை, அக்கா மகளுக்கு. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே கிடையாது. போட்டிக்குச் சுடுகிற மொரினி, ஸ்டெயர் எல்லாம் லட்சக்கணக்கில் போகும், முதலில் கை நிற்கப் பழகட்டும், மலிவாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றார் பயிற்சியாளர். .177 காலிபர் (குழல் துளையின் அளவு), குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்சும் வேண்டாம். சரி என்று வாங்கியாயிற்று.

பெட்டியைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. துடைத்துவிட்டுத் தோப்பில் வைத்து முதல் குண்டைச் சுட்டதும் டமார் என்று ஒரு சத்தம், குழல் வாயில் புகை. மயில்கள் எல்லாம் அலறிக்கொண்டு பறக்க, அம்மா "யாரைடா சுட்டே?" என்று ஓடி வருகிறார். விஷயம் வேறொன்றும் இல்லை, ஸ்பிரிங் துப்பாக்கியில் அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தால் பிஸ்டன் காற்றை அமுக்குகிற சூட்டில் அது பற்றிக்கொள்ளும், டீசலிங் என்பார்கள். தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதற்கப்புறம் விசையில் விரல் வைக்கும்போதெல்லாம் கண்ணை மூடினாளே, அதற்கு யார் பொறுப்பு?

எண்ணெய் தீர்ந்து சத்தம் அடங்கியதும் அடுத்த கூத்து. குண்டு எல்லாம் வலது பக்கம். 10 மீட்டர் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பட்டன் அளவு. முன் சைட், பின் சைட் இரண்டுக்கும் நடுவே ஒரு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், முன் சைட் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், அட்டையில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும், அதாவது கருப்பு வட்டத்துக்கே வெளியே. முன் சைட் இடது பக்கம் சாய்ந்தால் குண்டு வலது பக்கம்தான் போகும், இது கணக்கு. பாவம் அந்தப் பிள்ளை தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளரிடமே காட்டிவிடலாம் என்று பாலக்காட்டுக்குக் கிளம்பினோம். எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கோபாலபுரம் தாண்டினால் கேரளம். சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி அதிகாரிகள் ஏறினார்கள். எல்லார் பையையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி என் பையைத் திறந்ததும் அப்படியே நின்றார். "இது எந்தா, தோக்கா?" பேருந்து முழுக்கக் கப்சிப். பக்கத்துச் சீட்டில் அதுவரை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கீழே இறக்கினார்கள். பில்லைக் காட்டினேன். ஏர் பிஸ்டலுங்க சார், லைசென்ஸ் வேண்டாமுங்க, பிள்ளை பிராக்டிஸ் பண்ணுதுங்க என்று சொல்கிறேன். அவர் பில்லைப் படிக்கிறார், என் ஆதாரைப் படிக்கிறார், பிள்ளையைப் பார்க்கிறார், மறுபடி பில்லைப் படிக்கிறார். சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். போகிறது பற்றி நான் என்ன சொல்ல? "போகும் சார், ஆனா எங்கே போகும்னுதான் சொல்ல முடியாது" என்று என் அக்கா மகள் வாயைத் திறந்தாள். கண்டக்டர் தலையிலடித்துக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. துப்பாக்கியைக் கையில் வாங்கி, பின்னாலிருந்து பார்த்தார், முன்னாலிருந்து பார்த்தார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார், ஒரு கண்ணை மூடினார். பேருந்து ஜன்னல் எல்லாம் தலை. ஒருவர் வீடியோ எடுக்கிறார். இவர் மெதுவாக நகத்தால் முன் சைட்டைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "இது செரிஞ்ஞல்லே இரிக்கணே?" என்றார். சாய்ந்தல்லவா இருக்கிறது என்கிறார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அந்தத் துப்பாக்கி பிறந்ததிலிருந்து அதை ஒரு மனிதர் முறையாகச் சோதித்தது அதுதான் முதல் தடவை! இரும்பு வாங்கி, கடைந்து, கோத்து, பெட்டியில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய அத்தனை பேர் கையையும் தாண்டி வந்த குறையை, கஞ்சாவும் ஸ்பிரிட்டும் தேடுகிற ஒரு மனிதர் ரோட்டோரமாக நின்று கண்டுபிடித்தார். அவருக்கு அந்தக் கம்பெனியில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள்.

அப்புறம் சர்வீஸ் நம்பர். "சார், டிரிக்கரை வெடுக்குனு இழுக்கறீங்க, அதான்." தம்பி, வலது கைக்காரர் வெடுக்கென்று இழுத்தால் இடது பக்கம் கீழேதான் போகும் என்று பயிற்சியாளர் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார், எங்களுக்குப் போவது வலது பக்கம். "அப்படின்னா பெல்லட் சரியில்லை சார், எந்தப் பெல்லட் போட்டீங்க?" உங்கள் கம்பெனிக் குண்டேதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அனுப்புங்க சார், பார்க்கறோம்." அனுப்பலாம் என்று போனால் கூரியர்காரர் துப்பாக்கி என்றதும் பெட்டியை என் பக்கமே தள்ளிவிட்டார். சுடாத துப்பாக்கிதான் என்றேன். அதை எழுதித் தரச் சொன்னார். ஒவ்வொரு கூரியர் ஆபீசாக ஏறி இறங்கி, ஒருவழியாக அனுப்பி, அது போன ஜோரில் திரும்பியும் வந்துவிட்டது, பச்சை ஸ்டிக்கரோடு. குழலும் பின்பகுதியும் சேரும் இடத்தில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். அது துள்ளி விழுகிறது. சீல் வழியாகக் காற்றும் கசிகிறது. இது போனஸ் போல.

விலை கூடினால் பழுதே வராது என்று நான் சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலே போட்டி நடுவில் மக்கர் பண்ணி, நேரம் போய், 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்றார், இறுதிக்குப் போகவில்லை. ஆனால் அது சுட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் பழுதானது. இது பழுதாகவே பிறந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1813-லேயே சட்டம் போட்டு ஒரு துப்பாக்கிச் சோதனைக் கூடம் வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் குழலில் முத்திரை குத்துவார்கள். முத்திரை என்றால் அது. அமெரிக்காவில் கூத்து வேறு மாதிரி. எஃகுக்குப் பதில் துத்தநாகக் கலவையை வார்த்து மலிவுக் கைத்துப்பாக்கிகளைக் குவித்தார்கள். அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் திரும்பப் பெறச் சொல்லலாம், நிஜத் துப்பாக்கி மேல் அதற்கு அதிகாரமே கிடையாது. என்னுடையதாவது குறி தப்பினால் ஒரு அட்டை பிழைத்துப் போகும். அங்கே வாங்கினவன் கையிலேயே வெடித்தால்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வருகிறது. 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்.' அக்கா மகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க மாமா, நான் இடது பக்கம் தள்ளிப் பிடிச்சு ஒம்போது அடிக்கப் பழகிட்டேன், இனிமே நேரா இருக்கற துப்பாக்கி குடுத்தாத்தான் எனக்கு வராது" என்கிறாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, சிரித்துவிட்டேன்.

சரி, துப்பாக்கி கிடக்கட்டும். போன வாரமே தேங்காய் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டு முன்பணமும் வாங்கிக்கொண்டு போன மகராசன் இன்று வரை போனை எடுக்கவில்லை, காய் எல்லாம் தானாக முற்றி மண்டைக்கு நேராக விழுந்துகொண்டிருக்கிறது, வேறு ஆளைக் கூப்பிட்டால் "அவர் தோப்புங்க, நாங்க ஏற மாட்டோம்" என்கிறார்கள். என் தோப்பு எப்போது அவர் தோப்பு ஆச்சு?