கடைசி 400 மீட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்

"கடைசி 400 மீட்டரில் பறந்துவிட்டது, மாமா!"

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. சொல்கிறவன் என் மனைவியின் தம்பி; நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவன். மதுரை வடக்கு மாசி வீதி டீக்கடையில் அவனோடு நிற்கிற மூன்று பேரும் இதையேதான் வேறு வேறு குரலில் சொல்கிறார்கள். மாதம் ஒரு முறை இரவு ரயிலைப் பிடித்துப் பெங்களூர் குதிரைப் பந்தயத்துக்குப் போகிற கூட்டம் இது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை. என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே அதுதான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இவர்கள் மொத்த நேரத்தை மட்டும் பார்த்தார்கள். "1600 மீட்டரை 1 நிமிடம் 37 நொடியில் ஓடியிருக்கிறது, அடித்துக் கட்டு" என்பார்கள். அந்த 97 நொடி எப்படிச் செலவானது என்று பாருங்களப்பா என்று தலையில் அடித்துக்கொண்டு செக்‌ஷனல் டைமை அறிமுகப்படுத்தியவன் நான். (தமிழில் பகுதி நேரம் என்று சொல்லிப் பார்த்தேன். பகுதி நேர வேலை எங்கே கிடைக்கிறது என்று ஒருவர் கேட்டார். விட்டுவிட்டேன்.) ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை நொடி ஆனது என்று பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம். இவர்கள் என்ன செய்தார்கள்? எல்லாத் துண்டுகளையும் குப்பையில் போட்டுவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே பந்தயத்தில் மோதவிருந்த இரண்டு குதிரைகள், இரண்டுமே அதற்கு முன்பு வெவ்வேறு பந்தயங்களில் 1600 மீட்டர் ஓடியவை. முதல் குதிரை தன் பந்தயத்தை 100 நொடியில் ஓடி ஜெயித்தது. அதன் கடைசி 400 மீட்டர் 23.5 நொடி. இரண்டாவது குதிரை இன்னொரு பந்தயத்தில் 97 நொடி ஓடி நான்காவதாக வந்தது. கடைசி 400 மீட்டருக்கு அது எடுத்துக்கொண்டது 25.5 நொடி. இரண்டு ஓட்டத்தின் வீடியோவையும் நிறுத்தி நிறுத்தி, முடிவுக் கோட்டுக்கு 400 மீட்டர் முன்னால் நிற்கும் கம்பத்தைக் குதிரையின் மூக்கு தொடும் இடத்தில் நேரம் குறித்தது நான். குறித்த தாளைக் கையில் வாங்கியதும் மாப்பிள்ளை 23.5-ஐப் பார்த்தான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

அடேய், கழித்தல் கணக்காவது போட வேண்டாமா? முதல் குதிரை முதல் 1200 மீட்டரை 76.5 நொடியில் கடந்திருக்கிறது. இரண்டாவது குதிரை அதே தூரத்தை 71.5 நொடியில். ஐந்து நொடி வித்தியாசம்! குதிரை வேகத்தில் அது ஏறத்தாழ 80 மீட்டர். முக்கால் தூரம் வரை உலாப் போய்விட்டுக் கடைசியில் பாய்ந்து ஓடுவதற்கு எந்தக் குதிரைக்குத்தான் தெம்பு இருக்காது? அந்தப் பந்தயத்தில் பின்னால் வந்த குதிரைகளும் கடைசியில் வேகமாகத்தான் ஓடியிருந்தன. மெதுவாகப் போன பந்தயத்தில் எல்லாக் குதிரையும் பறக்கும்.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. கடைசித் துண்டில் இருந்த வேகம், மொத்த ஓட்டத்தின் சராசரி வேகத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். சீராக ஓடியிருந்தால் 100. முதல் குதிரைக்கு 106-க்கு மேல் வருகிறது, இரண்டாவதற்கு 95. ஒன்று சேமித்துவைத்ததைச் செலவழிக்க இடமில்லாமல் வந்து சேர்ந்தது. இன்னொன்று முதலிலேயே அள்ளி இறைத்துவிட்டுக் கடைசியில் கடன்பட்டு வந்தது. இரண்டில் எது அடுத்த முறை திருந்தி ஓடும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி வரைக்கும்கூட இவர்கள் வருவதில்லை.

நான் இரண்டாவது குதிரைக்குக் கட்டலாம் என்றேன். ஐந்து பேர் பணம், ஒரே சீட்டு. மூன்று பேர் மாப்பிள்ளை பக்கம். முதல் குதிரை அன்றைக்கு வேகமான பந்தயத்தில் மாட்டிக்கொண்டு, பறக்க வேண்டிய இடத்தில் நடந்து வந்தது. இரண்டாவது குதிரை ஜெயித்ததா என்று கேட்காதீர்கள். இரண்டாவதாக வந்தது. அதற்கே எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

இன்னொரு கொடுமை. அச்சடித்துத் தரும் செக்‌ஷனல் பல நேரம் முன்னால் போகிற குதிரையின் நேரம். 400 மீட்டர் கம்பத்தை முதலில் கடந்தது யாரோ, ஜெயித்தது யாரோ. கம்பத்தில் ஆறு குதிரை நீளம் பின்னால் இருந்து வந்து ஜெயித்த குதிரைக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டக் கூடாது. ஆறு நீளம் என்றால் சுமார் 15 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு நொடி. ஹாங்காங்கில் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாகத் துண்டு நேரம் கொடுக்கிறார்கள். ஜப்பானில் ஒவ்வொரு குதிரையின் கடைசி 600 மீட்டரும் முடிவுப் பட்டியலிலேயே இருக்கும். நான் இங்கே கைபேசியும் கண்ணாடியுமாக இரவு ஒரு மணிக்குக் கம்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி என்ன நினைக்கிறாள் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னால் செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கக் குதிரையைக் கொண்டுவருவான். 1973 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் அந்தக் குதிரை ஒவ்வொரு கால் மைலையும் (சுமார் 400 மீட்டர்) முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியது உண்மைதான்: 25.2, 24, 23.8, 23.4, 23. "பார்த்தீர்களா மாமா, கடைசித் துண்டுதான் வேகம்!" ஐயா, ஐந்தையும் கூட்டு. 119.4 நொடி. அந்த டெர்பியின் சாதனை நேரம் இன்றுவரை அதுதான். முன்பகுதியிலும் சும்மா இராமல் பின்பகுதியிலும் ஏறியதால் அது செக்ரட்டேரியட். அதே டெர்பியில் இரண்டாவதாக வந்த ஷாம், அடுத்த மாதம் பெல்மான்ட் பந்தயத்தில் செக்ரட்டேரியட்டோடு முன்பகுதியில் ஒட்டி ஓடியது. ஐந்து குதிரைகளில் கடைசியாக வந்தது. அதன் கடைசித் துண்டை மட்டும் பார்த்தால் கழுதை என்பாய்.

நரியைப் பரியாக்கிய ஊர் இது. திருவாதவூரார் வாங்கி வரவழைத்ததாக நம்பி அரிமர்த்தன பாண்டியன் குதிரைகளை நிறுத்திப் பார்த்து மகிழ்ந்தான். ராத்திரி லாயத்தில் ஊளைச் சத்தம் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அவனையாவது ஏமாற்றியவர் சொக்கநாதர். நம்மை ஏமாற்றுவது ஒரு கழித்தல் கணக்கு.

பந்தயத்துக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தபோதே மூச்சுத் திணறியது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. இவ்வளவையும் தாண்டிக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் அடுத்தவனுக்குத் தெரியாத ஒன்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி 400 மீட்டர் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதையே பார்ப்பதால் எல்லோர் பணமும் விழுகிற பேவரிட் அந்தக் குதிரைதான். ஜெயித்தாலும் டீச்செலவுக்குத்தான் வரும்.

இவை எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது போன வாரம் நான் கண்ட காட்சி. நம் ஊரில் ரேஸ்கோர்ஸ் என்று பெயர்தான் இருக்கிறது, குதிரை இல்லை. அங்கே எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் காலையில் மனிதர்கள் ஓடுகிறார்கள். மாப்பிள்ளையின் மகன் காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். நடைப்பயிற்சிக்குப் போன நான் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை கையில் ஸ்டாப்வாட்ச். பையன் முதல் சுற்றை 85 நொடியில் முடித்துவிட்டு வந்தான். மாப்பிள்ளை மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்: "எதற்குடா இவ்வளவு அவசரம்? ஒரு சுற்றுக்கு 112 நொடி போதும் என்று எத்தனை முறை சொல்வது? இப்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மூன்றாவது சுற்றில் என்ன செய்வாய்?"

பக்கத்தில் போய், "மாப்பிள்ளை, இப்போது என்ன சொன்னாய்? இன்னொரு முறை சொல்" என்றேன்.

"பையனுக்கு நிதானம் தெரியவில்லை, மாமா. முதல் சுற்றைப் பார்த்தாலே கடைசிச் சுற்று எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாமே" என்றான்.

நான் எதுவும் பேசவில்லை. பேசினால் குடும்பத்தில் சண்டை வரும்.

அன்று மாலையே போன் வந்தது. சனிக்கிழமைப் பந்தயத்தில் ஒரு குதிரை இருக்கிறதாம், கடைசி 400 மீட்டர் 22.8 நொடியாம். "முதல் 1200 எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அது எதற்கு மாமா?"