சித்திக்கு ஏறிய மருந்து ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஏறும்போது பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். மூன்று மணி நேரம் ஏறும் மருந்து அது. அலர்ஜி வந்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே ஊசி போட்டு, ட்ரிப்ஸைத் திறந்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நர்ஸ் நகராமல் நின்று, மூச்சு முட்டுகிறதா, முகம் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பினார்: கீமோ விஷம், இயற்கைதான் மருந்து, இந்த இலையை அரைத்துக் குடித்தால் போதும். நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தேன். பாக்லிடாக்செல் என்று எழுதியிருந்தது. அது ஒரு மரத்தின் பட்டையில் கண்டெடுத்த பொருள்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டுமென்று மனதில் கிடக்கிறது. செடிகொடிகளில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது. ஆனால் இலையில் இருப்பது இரத்தக் குழாயில் ஏறும் மருந்தாக மாற எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

1962-ல் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற வேதியியலாளர்கள் இருவரும் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டார்கள். அது என்ன செய்கிறது என்பதை 1979-ல்தான் சூசன் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி காட்டினார். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழாய்கள் சாரம் கட்டுவதுபோல எழும்பும், வேலை முடிந்ததும் கழன்றுவிடும். பாக்லிடாக்செல் அந்தச் சாரத்தைக் கழல விடாமல் இறுக்கிவிடும், செல் பிரிய முடியாமல் செத்துப்போகும். அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு இதற்கு அனுமதி கிடைத்தது 1992-ல். முப்பது வருடம்! நடுவில் இன்னொரு சிக்கல். ஒரு கிலோ மருந்துக்குச் சுமார் 10,000 கிலோ பட்டை வேண்டும், பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். பிரான்சில் பியர் பொத்தியே குழுவினர் ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் இந்த மருந்தாக மாற்றக்கூடிய முன்வடிவம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும்.

நித்தியகல்யாணியின் கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அந்த இலையைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் சரசரவென்று குறைந்தன. அதை ஒதுக்கித் தள்ளாமல் என்னவென்று பார்த்தார்கள், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து வேறொரு குழு பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இந்த மருந்துகள் சாரத்தைக் கட்டவே விடாது. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் இன்று பிழைத்து வளர்கிறார்கள் என்றால், மற்ற மருந்துகளோடு சேர்ந்து அதில் இந்தச் செடிக்கும் பங்கு உண்டு.

சரி, அப்படியானால் இலையையே அரைத்துக் குடித்தால் என்ன? அந்த இலையில் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, நமக்கு வேண்டியது அதில் மிக மிகக் கொஞ்சம். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்குக்கூட ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. இரத்தக் குழாயில் போட வேண்டியதைத் தவறி முதுகுத் தண்டில் போட்டால் உயிரே போய்விடும். இவ்வளவு கூர்மையான பொருளைக் கைப்பிடி கணக்கில் யாராவது அளக்க முடியுமா?

மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றியும் தினமும் கேட்கிறார்கள். ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல்மேல் ஊற்றினால் செல் சாகிறது, உண்மைதான். ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது சொற்பம், அதுவும் சீக்கிரம் சிதைந்துவிடும். தட்டில் வென்ற பலதும் உடம்பில் தோற்றிருக்கிறது. பாதாம் வகைக் கொட்டைகளில் உள்ள அமிக்டாலினிலிருந்து வந்த லேட்ரில் என்ற மருந்தை 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் குணமாகவில்லை, சிலருக்கு உடம்பில் சயனைடுதான் ஏறியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடத்திய ஆய்வில், கேரட்டில் இருக்கும் சத்தான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. இது 1994-ல் வந்த முடிவு.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு. ஒரு செடி இன்னொரு செடியின் மருந்தைக் கெடுத்துவிடும். இரினோடெக்கான் என்ற கீமோ மருந்து ஒரு சீன மரத்தின் பொருளிலிருந்து உருவானது. மனச்சோர்வுக்குப் பலர் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையோடு சேர்ந்தால், இரினோடெக்கான் உடம்பில் வேலை செய்யும் அளவு கணிசமாகக் குறைந்துபோகிறது. நோயாளி பக்க விளைவு குறைந்துவிட்டதென்று சந்தோஷப்படக்கூடும், உள்ளே மருந்தே குறைந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. மூன்றாவது சுற்று கீமோவுக்கு முன் எடுத்த பிளட் டெஸ்டில் சித்திக்கு லிவர் அளவுகள் எகிறியிருந்தன, கீமோவைத் தள்ளிப்போட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் சித்தி தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். ஏதோ மூலிகைச் சாற்றுக் கேப்ஸ்யூல், யாரோ வாங்கிக் கொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. நிறுத்தினோம், சில வாரத்தில் அளவுகள் இறங்கின. காரணம் அதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் அந்த வாரங்கள் போனது போனதுதான்.

ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டேன். முதல் தடவை வேறொரு டாக்டரிடம் இப்படி ஏதோ கேட்டதற்கு எல்லார் முன்னாலும் திட்டினாராம், அப்புறம் வாய் வரவில்லை என்றார். இதில் சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பட்டன்கூடப் போட முடியாத நிலையில் இருப்பவரிடம், வலியில்லாமல் குணமாகலாம் என்று ஒருவர் சொன்னால் அவர் நம்பத்தான் செய்வார்.

இப்போது பார்க்கும் டாக்டர் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திட்டவில்லை. கீமோ முடியும்வரை இது வேண்டாம், இனி எது சாப்பிட்டாலும் முதலில் எனக்குக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். அடுத்த தடவை போனபோது சித்தி தாமாகவே கைப்பையைத் திறந்து, வீட்டில் இருந்த சத்து மாத்திரை உட்பட எல்லாவற்றையும் அவர் மேஜைமேல் எடுத்து வைத்தார்.